சுடுமண் நகைக் குழு தொடங்குகிறவர்களுக்கு: மண் முதல் நியாய விலை வரை

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் "சேர்ந்து ஒரு தொழில் செய்வோமே" என்று பேச்சு வந்தால் ஊறுகாய், மசாலாப் பொடி, சாம்பிராணி, பினாயில் என்று பட்டியல் ஓடும். அதில் இப்போது சுடுமண் நகையும் சேர்ந்திருக்கிறது. முதலீடு குறைவு, மண் ஊரிலேயே இருக்கிறது, அடுப்பில் உலை வைத்துவிட்டுக்கூட நாலு பாசிமணி உருட்டலாம். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பயிற்சி முடித்த பல குழுக்கள் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. கை வேலை படிந்திருக்கும், கடைக்காரர்களும் வாங்கியிருப்பார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு நாளைக்கு நூறு ரூபாய்கூடத் தேறியிருக்காது. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலே மேல் என்று ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள். அதனால் மண்ணைப் பற்றியும் சூளையைப் பற்றியும் சொல்லிவிட்டு, விலை போடுவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் சிவகங்கை மாவட்டம், மானாமதுரைப் பக்கத்து மண்ணையும் வழக்கத்தையும் வைத்துச் சொல்வது. வைகைக் கரையில் இது புதுத் தொழிலும் இல்லை. பக்கத்தில் கீழடியில் தோண்டியபோதே சுடுமண் மணிகள் வந்தன. உங்கள் ஊர் மண் வேறு மாதிரி இருந்தால் அளவுகள் மாறும், முறை மாறாது.

முதலில் ஆட்கள்

ஒரு சுயஉதவிக் குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் இந்த வேலை பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று குழுக்களிலிருந்து ஆர்வமுள்ளவர்களை மட்டும் சேர்த்து, தனியாக ஓர் உற்பத்தியாளர் குழு அமைப்பதுதான் நல்லது. பழைய சேமிப்பும் கடனும் அதனதன் குழுவில் நடக்கட்டும். இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதினால், நகை விற்ற பணம் யாருடைய கடன் தவணைக்குப் போனது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

உங்கள் ஊரில் மண்பாண்டம் செய்யும் வேளார் வீடுகள் இருந்தால் முதல் வேலையாக அங்கே போங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்ததுமே "இதில் மணல் கூட" என்று சொல்லிவிடுகிற பெண்கள் அங்கே இருப்பார்கள். நிறைய இடங்களில் அவர்களை மண் பிசைய, சூளை போட மட்டும் கூலிக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாமல் உறுப்பினராகவே சேருங்கள். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கும் கூலி போடுங்கள். செய்தவருக்கு நியாயமான கூலி சேர வேண்டும் என்கிற நியாய வணிகத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் நம் தெருவில் அது நடக்க வேண்டும் இல்லையா?

முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் எடுக்க எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும், கூலியை எந்தத் தேதியில் கொடுப்பது, ஒருவர் விலகினால் அவருக்கு என்ன சேரும். மூன்றாவதை எழுத எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். கல்யாணமாகி வெளியூர் போகிற பெண்கள் எல்லாக் குழுவிலும் உண்டு, எழுதியே ஆக வேண்டும்.

மண்

கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மண்பாண்டத் தொழிலுக்கு அனுமதி தருகிறார்கள். நகைக்குத் தேவைப்படுவது சில மூட்டை மட்டுமே என்பதால், அனுமதி வைத்திருக்கும் வேளார் குடும்பத்திடம் விலைக்கு வாங்கிக்கொள்வது எளிது.

மண்ணை நன்றாகக் காயவைத்து, உடைத்து, தொட்டியில் ஊறப் போடுங்கள். ஈர மண்ணை அப்படியே தண்ணீரில் போட்டால் உருண்டை உருண்டையாக நின்றுவிடும்; காய்ந்த மண்தான் பொலபொலவென்று கரையும். கரைந்த குழம்பை முதலில் சல்லடையிலும் பிறகு பழைய பருத்தி வேட்டியிலும் வடிகட்டுங்கள். பானைக்கு அவ்வளவு வேண்டாம், கம்மலுக்கு வேண்டும். கடுகளவு சுண்ணாம்புக் கல் உள்ளே இருந்தாலும் சுட்டபின் ஈரம் இழுத்து, சில நாள் கழித்து அந்த இடம் பொரிந்து விழும். அதற்குள் நகை வாங்கியவர் காதில் இருக்கும்.

வடிகட்டியதைத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை இறுத்து, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் பிசைந்து பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரமாவது கிடக்க விடுங்கள். எவ்வளவு கிடக்கிறதோ அவ்வளவு குழையும்.

புது மண் வந்ததும் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். விரல் அகலப் பட்டை ஒன்று செய்து, அதில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். காயவைத்துச் சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் 9 செ.மீ. இருக்கும், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்பது அதில் தெரிந்துவிடும். "3 செ.மீ. டாலர் வேண்டும்" என்று ஆர்டர் வந்தால் ஈரத்தில் எந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்று இதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

உரு செய்வது

இதைப் பயிற்சியில் கற்றுத் தருவார்கள், கை பழகப் பழகத் தானாக வரும். அதனால் அங்கே சொல்லாமல் விட்டுப்போகும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

மணிக்கு ஓட்டை போட ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி இல்லை. மண் பாதி காய்ந்திருக்கும்போது குத்துங்கள். ரொம்ப ஈரமாக இருந்தால் மணி நசுங்கும், காய்ந்துவிட்டால் விரியும். சுடும்போது ஓட்டையும் சேர்ந்து சுருங்கும் என்பதால் நூலின் கனத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஜிமிக்கிக் கூட்டுக்குக் கோலிக்குண்டில் எண்ணெய் தடவி, மெல்லிய மண் தகட்டை அதன் மேல் போர்த்தி எடுக்கலாம். இரண்டு பாகங்களை ஒட்டும்போது, ஒட்டும் இடத்தைக் கீறிவிட்டுக் களிக்குழம்பு தடவி அழுத்துங்கள். கீறாமல் ஒட்டியது சூளையில் கழன்றுவிடும்.

எடை போடும் பழக்கம் வேண்டும். ஒரு காதுக்கு 8 கிராமைத் தாண்டினால் சாயங்காலத்துக்குள் காது வலிக்கும். கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார். தபால் தராசு போன்ற சின்ன மின்தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், குழுவின் முதல் செலவுகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

காயவைப்பது நிழலில்தான். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிப்பு விடும். முக்கால்வாசி காய்ந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் பெயின்ட் இல்லாமலே மெருகு வரும். என் கருத்து, பெயின்ட் அடிக்காத சிவப்பும் கறுப்பும்தான் நல்ல விலைக்குப் போகும். தங்க நிற அக்ரிலிக் அடித்த கம்மலைத் தள்ளி நின்று பார்த்தால் கவரிங் மாதிரியே இருக்கிறது. அப்புறம் கவரிங் விலைக்குத்தான் கேட்பார்கள்.

சூளை

நஷ்டம் வருகிற இடம் இது. வாரக்கணக்கில் உருட்டியது ஒரே ராத்திரியில் போய்விடும். சூளைப் பொறுப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள், மற்றவர்கள் கூட நின்று பழகட்டும்.

தொடக்கத்தில் மின்சூளை எதுவும் வேண்டாம். நகைகளை ஒரு பழைய பானைக்குள் அடுக்கி, அந்தப் பானையைச் சூளைக்குள் வைப்பதுதான் முறை. தீ நேராக நகையில் படாது. தரையில் செங்கல் பரப்பி, மேலே விறகு, வறட்டி, நடுவில் பானை, சுற்றிலும் வறட்டியும் உமியும், மேலே வைக்கோல் போட்டு மண் பூசி மூடி, காற்றுக்கு வழி விடுங்கள்.

நகை எலும்பாகக் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்குச் சூளை வேண்டாம். முதல் இரண்டு மணி நேரம் மெதுவாக, புகைகிற சூட்டிலேயே வைத்திருங்கள். மிச்ச ஈரம் ஆவியாக வெளியேற நேரம் தராமல் தீயைக் கூட்டினால் மணிகள் பட்பட்டென்று தெறிக்கும், வெளியிலேயே சத்தம் கேட்கும். பிறகுதான் தீயை ஏற்ற வேண்டும். மண் முழுக்க இறுகி, இனி தண்ணீரில் கரையாது என்ற நிலைக்கு வர 600 டிகிரி செல்சியஸ் சூடாவது தாண்ட வேண்டும். கிராமச் சூளையில் 700, 800 வரை கொண்டுபோக முடியும். வெப்பமானி தேவையில்லை. பொழுது சாய்ந்தபின் சுட்டால் நிறமே சொல்லிவிடும். இருட்டில் மங்கின சிவப்பாகத் தெரிந்தால் 600ஐ எட்டியிருக்கிறது, பழுத்த மிளகாய்ப் பழ நிறத்துக்கு வந்தால் போதுமான சூடு.

கறுப்பு நகை வேண்டுமென்றால் பானைக்குள் நகைகளோடு உமியோ மரத்தூளோ நிரப்பி, மூடியைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். காற்று இல்லாமல் புகையிலேயே வெந்து கறுத்துவிடும். சிவப்பு வேண்டுமென்றால் பானைக்குள் காற்றுப் போக வேண்டும். மண் இரண்டுக்கும் ஒன்றேதான். பானை மூடியில் சின்ன விரிசல் இருந்தாலும் கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக வரும். அதையும் ஒதுக்க வேண்டாம், அந்தத் திட்டுக்கென்றே ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 200 ஜோடி ஒரே நிறத்தில் கேட்ட ஆர்டரில் அதைக் கலந்து அனுப்பக் கூடாது.

தீ அடங்கியதும் திறந்து பார்க்கக் கை பரபரக்கும். விடியும்வரை தொடாதீர்கள். சூட்டோடு காற்றுப் பட்டால் விரியும். காலையில் எடுத்ததும் ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் வேகவில்லை அல்லது உள்ளே விரிசல். ஒவ்வொரு சூளையிலும் ஒரு மணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் விரலில் மண் ஒட்டினால் அந்தச் சூளைச் சரக்கு எதுவும் வெளியே போகக் கூடாது.

தேதி, எத்தனை வைத்தோம், எத்தனை நல்லதாக வந்தது என்று சூளை நோட்டில் எழுதுங்கள். விலை போடும்போது இந்த நோட்டுதான் தேவைப்படும்.

கொக்கி, வளையம்

மண்ணால் யாருக்கும் அரிப்பு வராது, கொக்கியால் வரும். சென்னை சௌகார்பேட்டையிலோ மதுரையிலோ கிலோக் கணக்கில் கிடைக்கும் மலிவுக் கொக்கியில் நிக்கல் இருக்கும். வியர்வை பட்டால் கறுக்கும், சிலருக்குக் காது சீழ் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி ஜோடிக்கு ஓரிரு ரூபாய்தான் கூட.

ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் காதுத் துளையில் நுழையும் உலோகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. நகையில் ஈயம் எடையில் 0.05 சதவீதத்தையும், காட்மியம் 0.01 சதவீதத்தையும் தொடக் கூடாது. இதை நாம் வீட்டில் சோதிக்க முடியாது. கொக்கி விற்பவரிடமும் பெயின்ட் விற்பவரிடமும் ஆய்வறிக்கை கேளுங்கள், இல்லை என்றால் வேறு கடை பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

விலை போடுவது

பெரும்பாலான குழுக்கள் விலை போடும் முறை இது: பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் கம்மல் 40 ரூபாய், நம்முடையது மண் தானே, 35 போடுவோம். மண் சும்மா கிடைக்கிறது என்பதால் நகையும் மலிவு என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். நகையில் இருப்பது மண் இல்லை, நேரம். அதனால் நேரத்திலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு மணி நேரக் கூலியை முடிவு செய்யுங்கள். 2025–26க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதற்குக் கீழே போகவே கூடாது. உங்கள் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அதையொட்டி வையுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே 8 மணி நேரத்துக்கு 400 ரூபாய், அதாவது மணிக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்களும் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

20 ஜோடி ஜிமிக்கி செய்கிறோம். மண் தயாரிக்க 1 மணி நேரம், உரு செய்ய 6, தேய்த்து மெருகேற்ற 2, சூளைப் பங்கு 1. மொத்தம் 10 மணி நேரம், 500 ரூபாய். மண், எரிபொருள், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 120. ஆக 620 ரூபாய். சூளை நோட்டைப் பார்த்தால் சராசரியாக 20க்கு 17தான் நல்லதாக வருகிறது. அதனால் 620ஐ 20ஆல் வகுக்கக் கூடாது, 17ஆல் வகுக்க வேண்டும்: 36 ரூபாய் 47 காசு. 20ஆல் வகுத்தால் 31தான் வரும். ஜோடிக்கு ஐந்தரை ரூபாய் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 500 ஜோடி ஆர்டரில் அது 2,700 ரூபாய்க்கு மேல் போகும், போவது உங்கள் கூலியிலிருந்துதான்.

இனி 17 ஜோடிக்குக் கொக்கி கோர்த்துப் பெட்டியில் வைக்க 2 மணி நேரம், 100 ரூபாய். ஜோடிக்கு ஏறக்குறைய 6. கொக்கியும் வளையமும் 7, பெட்டியும் அட்டையும் 6. எல்லாம் சேர்த்து ஜோடிக்கு ஐம்பத்தைந்தரை ரூபாய் அடக்கம். இதற்கு மேல் வாடகை, கரண்ட், பஸ், போன், கணக்கு எழுதுபவர் கூலி என்று பொதுச் செலவு 15 சதவீதம் சேர்த்தால் 64 ரூபாய்க்குப் பக்கம் வரும். குழு நிதிக்கு ஆறு ரூபாய் வைத்து 70 என்று முடிப்போம். அடுத்த மண் வாங்க, சூளை முழுக்க உடைந்த மாதத்தைச் சமாளிக்க, உறுப்பினருக்கு அவசரம் என்றால் கொடுக்க இந்த ஆறு ரூபாய்தான் கை கொடுக்கும். பேரத்தில் முதலில் இதைத்தான் விட்டுக்கொடுக்கத் தோன்றும், விடாதீர்கள்.

70 என்பது கடைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த விலை. அவர் 140க்கோ 150க்கோ விற்பார். அதைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம், கடை வாடகையும் விற்காமல் தேங்கும் சரக்கும் அவர் பொறுப்பு. ஆனால் கண்காட்சியில் நீங்களே கடை போடும்போது 70க்கு விற்கக் கூடாது. அங்கே போய் வரும் செலவும், நாள் முழுக்க நிற்கிற இரண்டு பேரின் கூலியும் இருக்கிறது. உங்களிடமே 70க்குக் கிடைக்கும் என்று தெரிந்தால் கடைக்காரரும் அடுத்த ஆர்டர் தரமாட்டார். நேரடி விற்பனைக்கு 120, 130 என்று வைத்து அதிலேயே நில்லுங்கள்.

"விலை கூட, குறைக்க முடியுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். கூலியைக் குறைக்காமல் விலையைக் குறைக்க வழி இருக்கிறது. பெட்டிக்குப் பதிலாகப் பனையோலை உறையோ காகித உறையோ போடலாம், வேலைப்பாட்டைக் குறைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம், சூளைச் சேதத்தைக் குறைக்கலாம். இந்தக் கணக்குத் தாளை வாங்குபவர் முன்னால் விரித்து வைத்தே பேசுங்கள். நியாய வணிக நிறுவனங்கள் இதைத்தான் கேட்கின்றன. மற்றவர்களும் தாளைப் பார்த்தபின் அடித்துப் பேசுவது குறைவு.

கூலியும் நோட்டும்

ஜோடிக் கணக்கில் கூலி கொடுப்பதா, மணிக் கணக்கிலா என்று எல்லாக் குழுவிலும் சண்டை வரும். ஜோடிக் கணக்கில் கொடுத்தால் வேகமான கைக்கு லாபம், மண் பிசைகிறவருக்கும் சூளை பார்க்கிறவருக்கும் எதுவும் நிற்காது. நான் சொல்வது: உரு செய்வதற்கும் கோர்ப்பதற்கும் ஜோடிக் கணக்கு, மற்ற வேலைகளுக்கு மணிக் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நடுத்தர வேகத்தில் வேலை செய்யும் ஒருவரை உட்காரவைத்து நேரம் பார்த்து ஜோடிக் கூலியைத் திருத்துங்கள். ரொம்ப வேகமானவரை வைத்துப் பார்த்தால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்.

கூலி அவரவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் கணக்கு எண்ணைக் கொடுத்து "இதில் போடுங்க அக்கா" என்பவர்கள் இருப்பார்கள். பொறுமையாகப் பேசி, அந்தப் பெண் பெயரிலேயே கணக்குத் தொடங்கவைத்த பிறகு கொடுங்கள். சரக்கு விற்ற பிறகுதான் கூலி என்றும் வைக்காதீர்கள். தரம் பார்த்து வாங்கிக்கொண்டதும் கூலி சேர்ந்துவிட வேண்டும், விற்காத சரக்கின் சுமை குழுவுடையது. இதற்குக் கையில் முதல் வேண்டும், சுயஉதவிக் குழுவின் வங்கிக் கடன் இதற்குத்தான் உதவும்.

நியாய வணிகம் என்று யார் சொல்லலாம்

வெளிநாட்டில் காபி, வாழைப்பழப் பொட்டலங்களில் பார்க்கும் பச்சை நீல ஃபேர்டிரேட் முத்திரை வேறு, கைவினைப் பொருளுக்கான ஏற்பாடு வேறு. கைவினைப் பக்கம் உலக நியாய வணிக அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 1989ல் தொடங்கியது, அதற்குப் பத்துக் கொள்கைகள் உண்டு. அங்கே உறுப்பினராகச் செலவும் தணிக்கையும் இருப்பதால், சின்னக் குழுக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இந்திய நிறுவனம் ஒன்றுக்குச் செய்து கொடுப்பதிலிருந்து தொடங்குகின்றன. உறுப்பினராகாமல் அந்த முத்திரையைப் பெட்டியில் அச்சடிக்கக் கூடாது. புவிசார் குறியீடும் அதே மாதிரிதான். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் குறியீடு கிடைத்தது என்பதற்காகப் பதிவு செய்யாதவர்கள் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது.

பத்துக் கொள்கைகளில் உங்களுக்கு நேரடியாகப் பணம் சம்பந்தப்பட்டது ஒன்று: கைவினை ஆர்டருக்கு நீங்கள் கேட்டால் வாங்குபவர் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தர வேண்டும். "கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்துவிட்டு, கந்துவட்டிக்கு வாங்கி மண்ணும் கொக்கியும் வாங்கிய குழுக்கள் உண்டு.

உங்களிடம் நியாய வணிக நிறுவனங்கள் கேட்கும் கேள்விகளில் சங்கடமானது குழந்தைகளைப் பற்றியது. வீட்டில் அம்மா மணி உருட்டும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து நாலு உருட்டுவாள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கை வேலையை நம்பி ஆர்டர் எடுத்தால் தவறு. வீட்டுக்கு எடுத்துப் போகும் வேலைக்கு அளவு வையுங்கள். ஒரு பெண் சாயங்காலம் மட்டும் உட்கார்ந்து செய்ய முடியாத எண்ணிக்கையைக் கொண்டுவந்தால், யார் யார் செய்தார்கள் என்று கேளுங்கள்.

வேலை இடத்தையும் பார்ப்பார்கள். காய்ந்த மண் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உப்புத்தாள் தேய்ப்பதை ஈரத்தோடு செய்யுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். நாள் முழுக்கத் தரையில் குனிந்தே இருக்காமல் ஒரு உயரமான பலகையாவது போடுங்கள்.

விற்கும்போது பரிதாபத்தை விற்காதீர்கள். "ஏழைப் பெண்கள் செய்தது, வாங்கி உதவுங்கள்" என்று அட்டையில் எழுதினால் ஒருமுறை வாங்குவார்கள், நகை பெட்டியிலேயே கிடக்கும். செய்தவர் படத்தைப் போடுவதானால் அவரிடம் கேட்டுப் போடுங்கள்.

பதிவுகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். ஒவ்வொருவரும் மத்திய அரசின் கைவினைக் கலைஞர் அடையாள அட்டையான பெஹ்சான் வாங்கிக்கொண்டால் கண்காட்சிகளில் கடை கிடைக்க உதவும். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும்போது கைவினைப் பொருளுக்கான சலுகை பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நேரடியாக ஏற்றுமதி செய்ய ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ பதிவு செய்வதை முதல் வருடத்தில் நினைக்கவே வேண்டாம். உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பத்து உற்பத்தியாளர்கள் போதும், ஆனால் வருடா வருடம் தணிக்கை, கணக்குத் தாக்கல் என்று செலவு நிற்காது. ஒழுங்காக ஆர்டர் வரத் தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம். மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகம் இருக்கிறது. கண்காட்சி, பயிற்சி, பூமாலை வணிக வளாகக் கடை எல்லாவற்றுக்கும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

முதல் பெரிய ஆர்டர்

500 ஜோடி கேட்கிறார்கள். மேலே போட்ட கணக்குப்படி 17 ஜோடிக்கு 12 மணி நேரம் என்றால், 500க்கு ஏறக்குறைய 353 மணி நேரம். 12 பேர் நாளைக்கு 3 மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 36 மணி நேரம். பத்து நாளில் முடிந்துவிடும் என்று நாக்கு நுனிவரை வரும், சொல்லாதீர்கள். காயவே ஒரு வாரம், ஒரு பானையில் இத்தனைதான் என்பதால் சூளை பல முறை, நடுவில் ஒரு கல்யாணம், ஒரு திருவிழா. ஐந்து வாரம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் ஆர்டரே யோசித்து எடுங்கள், அடைமழையில் மண் காயாது. வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் சரக்கு ஆடி, ஆவணிக்குள் கப்பல் ஏற வேண்டியது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் வேண்டியதைக் கோடையிலேயே செய்து வைத்துவிடுங்கள். நடவு, அறுப்பு மாதங்களில் ஆள் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாதிரி மூன்று செய்து, ஒன்றை வாங்குபவரிடம் கொடுங்கள். ஒன்றைக் குழுவின் அறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். மூன்றாவதை உறையில் போட்டு ஒட்டி, மேலே இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வையுங்கள், தரத்தில் தகராறு வந்தால் அதைப் பிரித்துப் பேசலாம். நிறம், எடை, அளவு எவ்வளவு வரை மாறலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். கைவேலையில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதை அவர்களும் ஒத்துக்கொண்டதாக அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஆர்டர் தொகை 35,000 என்றால் முன்பணம் 17,500 கணக்கில் ஏறிய பிறகுதான் மண்ணை நனையுங்கள். கேட்டதைவிட ஐம்பது அறுபது ஜோடி கூடுதலாகச் சூளையில் வைத்தால் போதாது. இருபதுக்கு மூன்று போகும் என்றால் 590 வைத்தால்தான் 500 தேறும்.

அனுப்பும்போது ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டுத் திறந்து பாருங்கள். லாரி ஆபீஸில் இதைவிட மென்மையாகக் கையாள மாட்டார்கள். பணம் வந்த வாரமே கூட்டம் போட்டு, போட்ட மணி நேரம், உடைந்தது, ஆளுக்கு வந்த கூலி எல்லாவற்றையும் சத்தமாக வாசியுங்கள். மணிக்கு 50 என்று நினைத்தது 42தான் வந்திருக்கிறது என்றால், எந்த வேலையில் நேரம் கூடியது என்று அன்றைக்கே கண்டுபிடித்து, விலைத் தாளைத் திருத்திவிட்டு அடுத்த ஆர்டருக்குப் பதில் போடுங்கள்.